கேட்டுக்கு உள்ளே அரை மணி நேரம்

பத்து மணிச் சங்கு ஊதி, முதல் பந்திக்காரர்கள் ஸ்பின்னிங் ஷெட்டை விட்டு வெளியே வந்தபோது, முப்பிடாதிக்கு வழக்கம்போல முதலில் காதுதான் திரும்பி வந்தது. அப்புறம் கண் கூசும், அப்புறம் பசி வரும். இன்றைக்குப் பசியைக் காணோம். பசி இருக்கவேண்டிய இடத்தில் வேறு ஏதோ ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்க மாட்டேன் என்றது. ஷெட்டிலிருந்து கேன்டீனுக்கு இருநூறு எட்டுக்கு மேல் இருக்கும். பத்தொன்பது வருஷமாக நடக்கிற நடை, ஆனால் எண்ணிக்கொண்டு நடப்பது இன்றைக்குத்தான். முடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டாள். பஞ்சுத் தலையோடு எழுந்து நின்றால் கிழவி மாதிரி இருக்குமோ, இருந்தால்தான் என்ன, அங்கே எல்லார் தலையிலும் அதே பஞ்சுதானே, நாற்பத்திரண்டு வயசுக்குக் கொஞ்சம் வெள்ளை தெரிந்தால் மரியாதைதானே, இருந்தாலும் தட்டிவிடு. மிஷின்கள் நிற்காமல் ஓடுவதால் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடப் போக முடியாது. பாதிப் பேர் பத்து மணிக்கு, மீதிப் பேர் பத்தரைக்கு. கல்யாண வீடு மாதிரி முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று அதற்குப் பெயர். இன்றைய முதல் பந்தியில் அவள் எழுந்து பேசப்போகிறாள். சங்கத் தேர்தலுக்கு இன்னும் ஆறு நாள். செயலாளர் பதவிக்கு நிற்கிற இரண்டு பேரில் அவள் ஒருத்தி. இன்னொருவர் ஞானதிரவியம் அண்ணாச்சி, பதினெட்டு வருஷமாகச் செயலாளர். அவரைத் தவிர வேறொரு ஆள் மில்லுக்குள் வைத்துச் சங்கத்தைப் பற்றி வாய் திறந்தது கிடையாது, திறக்க விட்டதும் கிடையாது. அதை நினைத்ததும் கால் தானாகவே மெதுவாயிற்று. நூற்று நாற்பதா, நூற்று ஐம்பதா, எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

எல்லாம் முதல் வாக்கியத்தில் இருக்கிறது. அது வந்துவிட்டால் மீதி தானாக வந்துவிடும் என்று நாலு நாளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். வரவில்லை. கோவில்பட்டியில் நோட்டீஸ் அடித்த அச்சகக்காரர், இவளைக் கேட்காமலே உச்சியில் 'அன்பார்ந்த தொழிலாளத் தோழர்களே' என்று போட்டுவிட்டார். அடுப்படியில் நின்று அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். வேறு யாரோ தன் தொண்டைக்குள் புகுந்து பேசுவது போல் இருந்தது. அன்பார்ந்த என்று இதுவரை யாரைக் கூப்பிட்டிருக்கிறாள்? கட்டின புருஷனைக்கூடக் கூப்பிட்டதில்லை. 'வணக்கம்' என்றால் டி.வி.யில் செய்தி வாசிக்கிற மாதிரி. 'எல்லாரும் கேளுங்க' என்றால் ரேஷன் கடை மாதிரி. பக்கத்து மிஷினில் வேலை பார்க்கும் ஜெபக்கனி, டோக்கனில் ஆரம்பிங்க யக்கா, பொம்பளையாளுக பூராம் நிமிர்ந்து பார்க்கும் என்று யோசனை சொன்னாள். சொல்வது சுலபம். சோற்றுத் தட்டுக்கு முன்னால், ஆம்பளைகளும் உட்கார்ந்திருக்க, கக்கூஸ் டோக்கனைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது? சாம்பார் ஊற்றிக் குழைத்துக்கொண்டிருக்கிறவன் முகம் சுளிப்பானே. சுளிக்கட்டும். இல்லை, சுளித்தால் அத்தோடு போச்சு, அப்புறம் அவன் எதையும் கேட்க மாட்டான். அப்படியானால் டோக்கனைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். கடைசி என்று ஒன்று வரவேண்டுமே, முதலே வராதபோது. இப்படியே சுற்றிச் சுற்றி, வேப்பமரத்தைத் தாண்டும்போது மறுபடியும் 'அன்பார்ந்த' என்ற சொல்லிலேயே வந்து நின்றாள். அறுந்த இழையை ஒட்ட ஒரு நொடி போதும் அவள் விரலுக்கு. இந்த இழை மட்டும் ஒட்டமாட்டேன் என்கிறது.

மாசிலாமணிக்காவது ஒரு முதல் வாக்கியம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய தேர்தலில் அண்ணாச்சியை எதிர்த்து நின்ற பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் பிரிவு மாசிலாமணியிடம், உள்ளே எதுவும் கூடாது, கேட்டுக்கு வெளியே தாராளமாகப் பேசிக்கொள் என்று நிர்வாகம் பெரிய மனசோடு சொல்லிவிட்டது. அவனும் நம்பிக் கேட்டுக்கு எதிரே கரிசல் காட்டு ஓரத்தில் துணி பேனர் கட்டிக்கொண்டு நின்றான். இந்த மில் கேட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் அப்போதே சிரித்தார்கள். கேட் வழியாக இங்கே யாரும் நடப்பதில்லை. கழுகுமலை, கயத்தாறு, எட்டயபுரம் என்று ஒன்பது கம்பெனி பஸ்கள் உள்ளே கொட்டகையிலேயே ஆளை ஏற்றிக்கொண்டு, கேட்டில் நிற்காமல் பறந்துவிடும். ஒன்பது பஸ்ஸுக்கும் பின்னால் ஓடினான் மாசிலாமணி. தோழர்களே, ஒரு நிமிஷம் என்பதுதான் அவன் முதல் வாக்கியம், அதுவே கடைசி வாக்கியமும். ஜன்னலுக்குள் எறிந்த நோட்டீஸ்கள் காற்றில் திரும்பி அவன் முகத்திலேயே விழுந்தன. எண்ணூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் முப்பத்தொன்று கிடைத்தது, கூடவே மில் முகப்பில் காகிதம் போட்டு அசிங்கப்படுத்தியதற்கு ஒரு மெமோ. அன்றைக்குக் கழுகுமலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் முப்பிடாதி. அவன் ஒரு நோட்டீஸை அவள் கைக்கு நேராகவே நீட்டினான். பஸ் அப்போதுதான் வேகமெடுக்கிறது, எட்டி வாங்கியிருக்கலாம். அவள் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டாள். பக்கத்தில் யார் இருக்கிறார்கள், யார் போய் யாரிடம் சொல்வார்கள், எதற்கு வம்பு. இன்றுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. இன்றைக்குக் கேன்டீனில் இருநூறு பேரும் சொல்லி வைத்தாற்போல் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டால்? குனிவார்கள். நீ குனியவில்லையா? வயிற்றில் உட்கார்ந்திருந்தது இன்னும் கொஞ்சம் சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்தது.

ஆனால் ஒரு தடவை பேசியிருக்கிறாய் அல்லவா, என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அதை மட்டும் ஏன் மறந்து மறந்து போகிறாய்? தூத்துக்குடியில், தொழிலாளர் அதிகாரியின் அறையில், போன மாதம், மில்லுக்குள் பிரசாரம் செய்ய அனுமதி கேட்டுப் போட்ட மனு விசாரணையில். மேசைக்கு அந்தப் பக்கம் பர்சனல் மேனேஜர் வரதன், பளபளவென்று ஒரு பைலோடு. இந்தப் பக்கம் இவளும் ஜெபக்கனியும், ஒரே நாற்காலி காலியாக இருந்ததால் இரண்டு பேரும் நின்றுகொண்டு. மில் என்பது கம்பெனியின் இடம் மேடம், அங்கே உற்பத்தி நடக்கிறது, பிரசாரத்துக்குத்தான் கேட் இருக்கிறதே என்றார் வரதன். நியாயமாகத்தான் பட்டது, கேட்பவர்களுக்கு. இவள் பேசுவதாகவே இல்லை, மனுவில் எழுதியதே போதும் என்று இருந்தாள். வாய் தானாகத் திறந்தது. "மேடம், எங்க கேட்டு வழியா பஸ்ஸுதான் போகும். மனுசங்க போறதில்ல." அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, அப்படியா என்று வரதனைப் பார்த்தார். வரதன் பைலைப் புரட்டினார். அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ஞானதிரவியத்துக்கு உள்ளே அறை இருக்கிறது, எந்த ஷெட்டுக்கும் எந்த நேரமும் போகிறார், பேசுகிறார், அப்போதெல்லாம் அது கம்பெனியின் இடமாகத் தெரியவில்லையா என்று கேட்டு, அந்த அம்மாவே நாலு வரியில் ஓர் ஒப்பந்தம் எழுதி, இரண்டு தரப்பிலும் கையெழுத்து வாங்கிவிட்டார். உணவு இடைவேளையில், உணவுக்கூடத்திலும் பேருந்துக் கொட்டகையிலும், வேலைக்கு இடையூறில்லாமல், சங்க உறுப்பினர் எவரும் தேர்தல் பிரசாரம் செய்யலாம். அந்த 'எவரும்' என்ற சொல்லை முப்பிடாதிக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. பெரிய ஆள், சின்ன ஆள், வெள்ளைச் சட்டை, பஞ்சுத் தலை, எல்லாம் அதற்குள் வந்துவிடுகிறது. நகல் தூக்குச்சட்டிப் பையில், நோட்டீஸ் கட்டுக்கு அடியில் இருக்கிறது. பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஒப்பந்தத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும் என்றும் எழுதியிருந்தது. ஒட்டினார்கள், பாவம், சொன்ன சொல் தவறாமல். மறுநாளே அதன்மேல் பாதுகாப்பு வார விளம்பரம் ஒன்றை ஒட்டிவிட்டார்கள், தலைக்கவசம் போட்ட ஒருவன் கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கிற படம். கேன்டீன் வாசலில் அவன் இப்போதும் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

உள்ளே வெக்கை. தட்டுகளின் சத்தம், சாம்பார் வாசனை, இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள். முதல் மேசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஞானதிரவியம் அண்ணாச்சி. வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தலையை அசைத்தார். இவளும் அசைத்தாள். அந்த அசைப்பில் குற்றவுணர்ச்சி குபுக்கென்று மேலே வந்தது. இவளுக்கு வேலை நிரந்தரமானதே இவரால்தான். அம்மா செத்த அன்றைக்கு முதல் மாலை இவர் போட்டது, அரசு ஆஸ்பத்திரியில் உடம்பை வாங்க வாசல் வாசலாக நடந்ததும் இவர். நன்றி கெட்டவள் என்று யாராவது நினைப்பார்கள். நினைக்க என்ன இருக்கிறது, அவளே நினைத்துக்கொள்கிறாள். தேர்தலுக்கு வேட்புமனு கொடுத்த அன்று பஸ் கொட்டகையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கோபமே இல்லை, அதுதான் கஷ்டம். "நில்லு தாயி, யாரு வேண்டாம்னா? ஆனா உள்ள வச்சுப் பேசுத வேலை மட்டும் வேண்டாம். உள்ள பேசுததுக்குத்தான் நான் ஒருத்தன் இருக்கேன்லா." அதில் மிரட்டல் இல்லை. அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். எண்ணூறு பேருக்கும் சேர்த்துப் பேசத் தான் ஒருத்தன் இருக்கிறபோது மற்றவர்களுக்கு எதற்கு அந்தச் சிரமம் என்று நினைக்கிற நல்ல மனுஷன். நல்ல மனுஷனை எதிர்த்து நிற்பதைப் போல ஒரு பாடு உலகத்தில் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இந்நேரம் முதல் வாக்கியம் வந்திருக்கும். தட்டில் சோறு விழுந்தது. சுவர்க் கடிகாரத்தில் பத்து ஒன்பது.

ஜெபக்கனி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இவள் தட்டில் ஒரு துண்டு கருவாடு வைத்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள் முப்பிடாதி. இந்தப் பெண் போன வருஷம் ஆறு மாத வயிற்றோடு மேஸ்திரி மேசைக்கு முன்னால் நின்ற நிற்பு. ஷெட்டில் பெண்கள் அறுபத்திரண்டு பேர். மேசையில் ஆணியில் தொங்குவது இரண்டு அலுமினிய வில்லைகள், அதுதான் டோக்கன். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் கக்கூஸுக்குப் போகவேண்டும், போனவள் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் போகலாம். வில்லையில்லாமல் போனால் வேலையிடத்தை விட்டு அகன்றதாக மெமோ. அதனால் காலையிலிருந்து யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு, அதைப் பஞ்சுச் சூடு என்று சொல்லிக்கொள்வார்கள். அன்றைக்கு ஆணி வெறுமையாக இருந்தது. ஜெபக்கனி நின்றாள், நின்றாள், காலை மாற்றி மாற்றி நின்றாள், அப்புறம் நிற்க முடியாமல் போயிற்று, சேலை நனைந்துவிட்டது. இடுப்பில் கழிவுப் பஞ்சுச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்துக் காட்டிவிட்டு வந்து மிச்ச வேலையைப் பார்த்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் முப்பிடாதியின் தோளில் முகத்தை வைத்து, கழுகுமலை வரும்வரை அழுதாள். இதை அண்ணாச்சியிடம் சொன்னபோது, அடுத்த சம்பள ஒப்பந்தத்தில் பேசுவோம் என்றார். அதற்கு முந்தைய ஒப்பந்தத்திலும் அதையேதான் சொன்னார், அதற்கும் முந்தையதிலும். பொய் சொல்லவில்லை, பேசத்தான் நினைத்திருப்பார், அங்கே போனதும் போனஸ், பஞ்சப்படி என்று பெரிய விஷயங்கள் வந்து சின்ன விஷயத்தைத் தள்ளிவிட்டிருக்கும். சின்ன விஷயம். நினைக்க நினைக்க முப்பிடாதிக்கு ஆத்திரம் வந்தது. வந்த ஆத்திரம் நல்லதாகப் போயிற்று, வயிற்றில் உட்கார்ந்திருந்தது சற்று நகர்ந்து இடம் விட்டது. கருவாட்டைத் தின்றாள். உப்பாக, நன்றாக இருந்தது. பத்து பதிமூன்று.

அப்போது கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார் வரதன். சாப்பிட வரவில்லை, கையில் போன் மட்டும். அவரைப் பார்த்ததும் மேசைகள் தாமாகவே அமைதியாயின. இப்போது எழுந்திருக்காவிட்டால் எப்போதும் எழுந்திருக்க முடியாது என்று முப்பிடாதிக்குத் தெரிந்துவிட்டது. மனசு இரண்டாகப் பிரிந்து, நாளைக்குப் பேசலாம், இன்னும் ஐந்து நாள் இருக்கிறதே, இன்றைக்கு நோட்டீஸை மட்டும் கொடுத்துவிட்டுப் போ என்றது ஒரு பாதி. மறுபாதி ஒன்றும் சொல்லவில்லை, காலை ஊன்றி எழுந்துவிட்டது. பெஞ்சு கிறீச்சிட்டது. இருநூறு தலைகள். சில குனிந்தன, அவள் பயந்ததைவிடக் குறைவாகவே குனிந்தன. வரதன் அங்கிருந்தே, நோட்டீஸ் கொடும்மா, யார் வேண்டாம் என்றது, மீட்டிங் எல்லாம் எதற்கு என்றார். தூக்குச்சட்டிப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவருக்குத் தெரிகிற மாதிரி பிடித்தாள். "பிரசாரம்னு போட்டிருக்கு சார். பேசாம எப்படிப் பிரசாரம் பண்ண?" யாரோ சிரித்தார்கள். அடடா, இது பேச்சுதானே, இதுவே முதல் வாக்கியமாகிவிட்டதே, இதற்கா நாலு நாள். வரதன் போனைக் காதில் வைத்து ஏதோ சொன்னார். வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸில் யாரோ எதையோ திருகியிருக்க வேண்டும். வழக்கமாகக் காலையில் பக்திப் பாட்டை முனகுகிற நாலு ஒலிபெருக்கிகளும் கூரை மூலையிலிருந்து ஒரே நேரத்தில் அலற ஆரம்பித்தன. பழைய டப்பாங்குத்து ஒன்று. மேசையில் இருந்த டம்ளர் தானாக நடுங்கியது. உணவுக்கூடத்தில் பாட்டுப் போடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுத யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. முப்பிடாதி வாயைத் திறந்து, என் பேரு முப்பிடாதி என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. மாசிலாமணி பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினது ஞாபகம் வந்தது.

எதிர் வரிசையில் பத்மாவதி மதினி, அதே ஷெட்டில் இருபது வருஷமாக இருக்கிறவள், கையில் சோற்றுக் கவளத்தோடு உதட்டை அசைத்தாள். தெரியும்டீ உன் பேரு, மேல சொல்லு. முப்பிடாதிக்கு அது தெளிவாகப் புரிந்தது. புரிந்தது என்பது புரியவே அவளுக்கு ஒரு நொடி பிடித்தது. இந்தப் பாட்டுக்காரர்கள் பெரிய சத்தம் என்று எதை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்? இதைவிட இரண்டு மடங்கு இரைச்சலில் அல்லவா இவர்கள் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள், சண்டை போட்டு ராசியாகியிருக்கிறார்கள், சீட்டுப் போட்டிருக்கிறார்கள், மேஸ்திரியைத் திட்டியிருக்கிறார்கள். ஷெட்டுக்குள் வாயிலிருந்து வெளியே வருகிற சத்தம் ஒன்றுக்கும் உதவாது. உதட்டைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள். முப்பது மிஷினுக்கு அப்பால் நிற்கிறவளோடு ஊர்க்கதை முழுக்கப் பேசிவிடலாம். இது ஒரு பாஷை என்று அவளுக்கு இதுவரை தோன்றியதே இல்லை. அலுப்பான நாட்களில் வீட்டிலேயே சத்தமில்லாமல் பேசிவிடுவாள், வாயத் தொறந்து பேசு என்று புருஷன் சுடலைமணி கத்துவான். தாளைப் பையில் வைத்தாள். இரண்டு கையும் வேண்டியிருந்தது. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினாள், அது வில்லை. இரண்டு விரல், அப்புறம் ஆறு, இரண்டு, அறுபத்திரண்டு பேருக்கு இரண்டே வில்லை. சுண்டு விரலைத் தூக்கினாள், அது போகவேண்டிய இடம். அவ்வளவுதான், சோற்றுக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. பெண்கள் பக்கம் மொத்தமும் நிமிர்ந்தது. உதடு தானாக ஓடியது. எத்தனை பேருக்கு நீர்க்கடுப்பு, கை தூக்குங்க. தூக்கினார்கள், ஒன்று, நாலு, அப்புறம் எண்ணவே முடியவில்லை. மீசையை முறுக்கிக் காட்டினாள், மேஸ்திரி. சேலைக்கு மேலே போட்டிருந்த வேலைச் சட்டையின் காலரைத் தொட்டு இழுத்துவிட்டாள், அது அண்ணாச்சிக்கு ஷெட்டில் உள்ள அடையாளம். மூன்று விரல், மூன்று ஒப்பந்தம், வெறுங்கை. குறை சொல்கிற முகத்தோடு சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிற முகத்தோடு சொன்னாள். ஆண்கள் பக்கத்திலிருந்து கார்டிங் சங்கிலிபூதம் எழுந்து, உங்களுக்கு வில்லை சரி, எங்களுக்கு என்ன என்று கையை விரித்துக் கேட்டார். ரெண்டாவது ஷிப்டுக்கும் சேர்த்துப் பிடிச்சு வச்சுக்கிடுதாங்களே உங்களை, அன்னைக்கு வீட்டுக்குப் போக பஸ் உண்டா, லாரிக்குக் கை காட்டித்தானே போறீங்க, அதைக் கேப்பேன் என்றாள். அவர் பக்கத்து ஆளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். சமையல்கட்டிலிருந்து கேன்டீன்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாட்டு ஒரு பக்கம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, கூடம் முழுக்கக் கைகள் எழும்பின, விரல்கள் கேட்டன, உதடுகள் பதில் சொல்லின. முப்பிடாதிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. சந்தோஷம், வேறு பெயர் இல்லை அதற்கு. இவ்வளவு பேர் தன்னைப் பார்த்து அவள் பார்த்ததில்லை.

வரதன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அலறுகிற பாட்டுக்கு நடுவே இத்தனை பேர் சத்தமில்லாமல் பேசிக்கொள்வது அவருக்கு என்னமோ போல் இருந்திருக்க வேண்டும். நல்லவேளை, அவருக்குப் புரியாது. மீசை முறுக்கியதைத் தவிர. ஆனால் புரியாத இன்னொருவரும் அங்கே இருந்தார் என்பதை அவள் கொஞ்சம் தாமதமாகத்தான் கண்டாள். முதல் மேசையில் ஞானதிரவியம் அண்ணாச்சி மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு காலத்தில் மிஷின் பார்த்தவர்தான். மிஷினை விட்டுச் சங்க அறைக்குப் போய்ப் பதினெட்டு வருஷம். ஷெட்டுக்கு வந்தால் காதோரம் குனிந்து அவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இந்தப் பதினெட்டு வருஷத்தில் விரல்களுக்குப் புதிய சொற்கள் வந்துவிட்டன, பழைய சொற்கள் சுருங்கிவிட்டன, காலரைத் தொட்டால் அது தான்தான் என்றுகூட அவருக்குத் தெரியாது. அவளைப் போலவே மேசை மேசையாகப் பலர் காலரைத் தொட்டுப் பேசிக்கொண்டதை அவர் பார்த்தார், என்னவென்று புரியாமல் தன் காலரையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். முப்பிடாதிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பக்கத்து மேசைப் பெண்ணிடம் ஏதோ கேட்டார், முப்பிடாதியையே பார்த்துக்கொண்டிருந்த அவளுக்குப் பாட்டுச் சத்தத்தில் அது கேட்கவில்லை. எழுந்து நின்று கையைக் காதோரம் குவித்து மறுபடி கேட்டார். வரதன் சலித்துப்போய்ப் போனை எடுத்து, போதும் நிறுத்து என்று சொன்னதும் அதே நேரத்தில்தான். பாட்டு பட்டென்று அறுந்தது. அறுந்த அந்த அமைதியில், கூடத்தின் கடைசி மேசைவரைக்கும் கேட்கும்படி, அண்ணாச்சியின் குரல் மட்டும் தனியாக நின்றது.

"ஏட்டி, யாராவது சொல்லுங்களேன். என்னதான் சொல்லுதா அவ?"

யாரும் சிரிக்கவில்லை. தான் கத்தியது தனக்கே கேட்டுவிட்டதால் அவர் முகம் கருத்துப்போயிற்று. உட்காரவும் தோன்றாமல் நின்றார். இருநூறு பேரும் அவரைப் பார்த்தார்கள், அப்புறம் ஒவ்வொருவராக முப்பிடாதியின் பக்கம் திரும்பினார்கள். அவளுக்குப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். வந்தது அவள் சொந்தக் குரல்தான், பஞ்சு அடைத்த மாதிரி கொஞ்சம் கரகரப்பு, வீட்டில் பேசுகிற அதே குரல்.

"சொல்லுதேன் அண்ணாச்சி. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். கடிகாரத்தில் பத்து இருபத்தொன்று, சங்கு ஊத இன்னும் ஒன்பது நிமிஷம் இருந்தது.